லிம் எங்கேன்னு சர்க்கார் கேட்டப்போ

வெளிநாட்டுப் பசங்களைப் பாத்துக்கற ஆபீசுக்குப் புதுசா வந்திருக்கற உங்களுக்கெல்லாம் ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ரூல் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க கண்ணுகளா. நான் ரிட்டையராகி வீட்டுக்குப் போன பொறவு அது எத்தனை தடவை மாறிச்சோ. உங்க கம்ப்யூட்டருக்கு முன்னால என்னைக் கொண்டுபோய் உட்கார வெச்சா, ஒரு கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சு வந்துருவேன். அதனால ரூல் வேண்டாம். எங்க காலேஜ்ல நடந்த ஒரு சங்கதியைச் சொல்றேன். இத்தனை வருசம் ஆகியும் அதை நெனச்சா எனக்கு ஒடம்பு சிலிர்க்குது. சொல்லிப்போட்டுப் போயிடறேன், பொறவு உங்க பாடு.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகள்ல. வீட்டுக்காரர் தவறிட்டாரு. கையில ரெண்டு குழந்தைங்க. டைப்படிக்கத் தெரியும், அவ்வளவுதான். பிரின்சிபால் ஆபீசுல டைப்பிஸ்டா எடுத்துக்கிட்டாங்க. அப்ப எங்க காலேஜ்ல வெளிநாட்டுப் பசங்கன்னா விரல் விட்டு எண்ணிரலாம். தாய்லாந்துப் பசங்க, ஆப்பிரிக்காவுல கடை வெச்சிருந்த குஜராத்திக்காரங்க வீட்டுப் பசங்க, சிலோன், மலாயா. இந்தப் பசங்களோட கடுதாசி வேலையை ஆபீசுல ஒருத்தரும் தொடமாட்டாங்க. போலீசு சமாச்சாரமுங்களே. கடைசியா வந்தவ நான், எந்தலையில கட்டிட்டாங்க.

வேலை பெருசா ஒண்ணும் இல்லை. வெளிநாட்டுக்காரன் ஊருக்குள்ள வந்தா போலீசுல பதியணும், ஊரை விட்டுப் போனாச் சொல்லணும். காமன்வெல்த் நாடுங்கறதால மலாயாக்காரங்களுக்கு அந்தச் சோலி கூட அப்ப கிடையாது. ஆனா இந்தச் சின்ன வேலையே எங்க ஆளுகளுக்கு ஆகாது. ஏன்னு கேளுங்க. எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வந்தவங்களைப் பாத்து "எப்பப் போறீங்க?"ன்னு யாராச்சும் கேப்பாங்களா? கேட்டா, கெளம்புங்கன்னு கழுத்தைப் புடிச்சுத் தள்ளுன மாதிரி. சர்க்கார் கேக்கச் சொன்னதே அந்த ஒரு கேள்விதான்! ஹாஸ்டல் வார்டன் கூச்சப்பட்டுக்கிட்டுக் கேக்கவே மாட்டாரு. லீவுல கூடப் படிக்கற பையன் ஊருக்குக் கூட்டிட்டுப் போவான். போனவன் சொன்ன நாளைக்கு வந்ததா சரித்திரமே இல்லை. "ஆத்தா உடமாட்டேன்னுட்டாங்க, அக்கா"ம்பான். சோறு உண்டீங்களான்னு கேட்டு எழுதறதுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுத்திருந்தா, தேசத்துலயே எங்க காலேஜ்தான் முதல்ல நின்னிருக்கும்.

இப்பப் பிரின்சிபாலைப் பத்திச் சொல்லணும். பேரு வேண்டாம். அவருக்கே அதெல்லாம் புடிக்காது. ஒசரமான மனுசன், எச்சாப் பேசமாட்டாரு. ரோசனை பண்ணறப்ப ரூமுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருப்பாரு. அவரு நடக்க ஆரம்பிச்சா நாங்க பேச்சை நிறுத்திருவோம்.

அறுபத்திரண்டுல சீனாவோட சண்டை வந்துச்சு. கோயமுத்தூரே அல்லோலகல்லோலப்பட்டுப் போச்சு. பொம்பளைங்க கையில கெடந்த வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. பசங்க ஊர்வலம் போனாங்க. மில்லுல ஷிப்டு முடிஞ்சு வர்றவங்க டீக்கடை ரேடியோவைச் சுத்தி நின்னாங்க. அந்த ஐப்பசியிலதான் மேல இருந்து உத்தரவு வந்துச்சு. எந்த நாட்டுக் குடிமகனா இருந்தாலும் சரி, அப்பனோ தாத்தனோ சீனாக்காரனா இருந்தா அவன் போலீசுல பதியணும். அனுமதி இல்லாம ஊரைத் தாண்டக் கூடாது. காலேஜும் தெனமும் ஆள் இருக்கான்னு சொல்லணும்.

எங்ககிட்ட அப்படி ஒரே ஒரு பையன் இருந்தான். லிம். பினாங்குப் பக்கம். அவங்கப்பா ரப்பர் தோட்டத்துப் பக்கத்துல மளிகைக்கடை வெச்சிருந்தாரு. தோட்டத்துல எல்லாம் தமிழ் ஆளுகளா, இவன் கடையில உக்காந்தே தமிழ் பேசக் கத்துக்கிட்டான். இங்க வந்து ஒரு வருசத்துல "ஏனுங்க", "வாரனுங்க"ன்னு எங்களை விட எச்சா ங்க போடுவான். இன்ஜினியரிங் கடைசி வருசம். அவன் சீனாவைக் கண்ணால பாத்ததில்லை. தாத்தன் அங்கிருந்து கப்பலேறினவரு, அவ்வளவுதான்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு உத்தரவைக் காட்டினாரு. "அம்மணி, தெனமும் வெடியால இவனைப் பாக்கணும். ஆனா பாக்கறதுக்குன்னு போனமாதிரி இருக்கக் கூடாது"ன்னாரு.

"அதெப்படிங்க சார்?"

"மெஸ்ஸுல போய் ஒரு இட்லி சாப்பிடுங்க."

ஆம்பளைப் பசங்க மெஸ்ஸுல ஒரு பொம்பளை போய் இட்லி தின்னுட்டு வர்றதான்னு எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா போனேன். தெனமும் போனேன். லிம் எனக்கு எதுத்தாப்பல வந்து உக்காந்து சட்னியை நகட்டி வெப்பான். நான் எதுக்கு வர்றேன்னு அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஒரு நாளும் ரெண்டு பேரும் அதைப் பேசினதில்லை.

இவனோட ரூம்காரன் பழனிச்சாமி. தாராபுரத்துக்குப் பக்கம் அமராவதிக் கரையோரம் தோட்டங்காடு உள்ள குடும்பம். ஒவ்வொரு லீவுக்கும் லிம் அங்கதான் போவான். பழனிச்சாமியோட அம்மாவை அவனும் அம்மான்னுதான் கூப்பிடுவான். அந்தப் பழனிச்சாமியோட தங்கச்சிக்குக் கல்யாணம் கூடிச்சு. லிம் போகாம இருப்பானா? பிரின்சிபால் போலீசுக்கு எழுதினாரு. மாவட்டத்து எஸ்.பி. நெம்பத் தயங்கித்தான் அனுமதி குடுத்தாரு. கல்யாணத்துக்கு மொதநாள் போலாம், கல்யாணம் முடிஞ்ச அடுத்த நாள், மக்காநாள் பொழுதுக்குள்ள காலேஜ்ல இருக்கணும். பசங்க ரெண்டு பேரும் துள்ளிக்கிட்டு பஸ் ஏறிப் போனாங்க.

மக்காநாள் பொழுதாச்சு. லிம்மைக் காணோம்.

அடுத்த நாள் வெடியால மெஸ்ஸுக்குப் போனேன். எதுத்தாப்பல பெஞ்சு காலியா இருந்துச்சு. இட்லியை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சேன். நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். அவரு போனை எடுத்து எஸ்.பி. ஆபீசுக்கு, "பையன் இன்னும் வந்து சேரலைங்க"ன்னு சொல்லிப்போட்டாரு. கொஞ்ச நேரத்துல அங்கிருந்து போன் வந்துச்சு. அந்தப் பக்கத்து ஸ்டேஷன் போலீஸ்காரர் நேத்துப் பொழுதோட கல்யாண ஊட்டுக்கே போய்க் கேட்டாராம். பையன் மத்தியானமே கெளம்பிப் போயிட்டான்னு ஊட்டுக்காரங்க சொன்னாங்களாம்.

இப்பப் பாருங்க கண்ணுகளா, சங்கதி எப்படி ஆயிருச்சுன்னு. அங்கிருந்து கெளம்பிட்டான், இங்க வந்து சேரலை. சண்டை நடக்குது. சீனாக்கார வம்சத்துப் பையன் ஒருத்தன் வழியில மாயமா மறைஞ்சுட்டான். அந்தப் பக்கம் அமராவதி அணை இருக்கு, வழியில சூலூர்ல விமானம் எறங்கற எடம் இருக்கு. எஸ்.பி.யே போன்ல வந்தாரு. "சாயங்காலத்துக்குள்ள அவன் என் முன்னால நிக்கணும். நின்னாலும் நிக்காட்டியும் நான் மெட்ராசுக்குச் சொல்லித்தான் ஆகணும்"னாரு. சீனாக்காரங்களை வடக்க ஏதோ முகாமுக்கு ரயில்ல ஏத்திக் கொண்டுபோறாங்கன்னு நாங்க பேப்பர்ல படிச்சிருந்தோம். குடும்பம் குடும்பமா. போனவங்க எப்பத் திரும்புவாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. லிம்முக்குப் பரீட்சைக்குச் சில மாசம்தான் பாக்கி.

மத்தியானம் பஸ்ல இருந்து எறங்கினான் நம்ம ஆளு. மஞ்சக் கறை பட்ட வேட்டி, ஒரு கையில பலகாரத் தூக்கு, நெத்தியில சந்தனம். கேட்டுல என்னைப் பாத்ததும், "அக்கா, முறுக்கு கொண்டாந்திருக்கேனுங்க"ன்னு சிரிக்கறான்! எனக்கு அவனைக் கட்டிப்புடிச்சு அழறதா, அறையறதான்னு தெரியலை.

"ஏண்டா நேத்தே வரலை?"

"மறுவிருந்து முடியாம அம்மா உடலைங்க. அனுமதி முடிஞ்சுதுன்னு சொன்னேனுங்க. ஒரு நாள் சோறு எச்சா உண்டா எந்த சர்க்கார் கோவிச்சுக்கும்னு கேட்டாங்க."

"போலீசு வந்துச்சாமே?"

அவன் மூஞ்சி செத்துப்போச்சு. போலீசு வந்ததே அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்துல அவன் கொல்லைப் பக்கப் பந்தியில சாம்பார் வாளியைத் தூக்கிட்டு ஓடிட்டிருந்திருக்கான்.

பிரின்சிபால் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஹெட் கிளார்க்கும் அங்க இருந்தாரு. கெட்டிக்கார மனுசன், கெட்டவரு இல்லை. எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு சொன்னாரு: "சார், இதுல ஒண்ணும் ஆகலைங்க. நேத்து மத்தியானமே கெளம்பிட்டான்னு போலீஸ்காரரே எழுதிட்டாரு. நேத்து ராத்திரியே வந்துட்டான், காச்சல்னு படுத்திருந்தான், நாங்க கவனிக்கலைன்னு நம்ம ஒரு வரி எழுதிட்டாப் போதும். ரெண்டும் பூட்டும் சாவியும் மாதிரி பொருந்திக்கும். பையன் தப்பிச்சான், அந்த ஊட்டுக்காரங்க தப்பிச்சாங்க, போலீஸ்காரர் தப்பிச்சாரு, நாமும் தப்பிச்சோம்."

நான் மெசின்ல பேப்பரைச் சொருகிட்டு உக்காந்திருக்கேன். எம் மனசு பூரா, சொல்லுங்க சார், சரின்னு சொல்லுங்கன்னு கெடந்து துடிக்குது. ஒரு வரிதானே! ஒரு பையனோட வாழ்க்கைக்கு முன்னால ஒரு வரி என்ன பெருசு?

அவரு நடக்க ஆரம்பிச்சாரு. ஜன்னல் வரைக்கும் போறாரு, திரும்பி வர்றாரு. லிம் தூக்கைக் கையில புடிச்சபடியே நிக்கறான். கீழ வெக்கணும்னு கூட அவனுக்குத் தோணலை.

பொறவு நின்னு ஹெட் கிளார்க்கைப் பாத்தாரு. "இத்தனை நாள் நம்ம பசங்களைப் பத்திப் போலீசு நம்மகிட்ட ஏன் கேக்கறாங்க? ஹாஸ்டலுக்குள்ள பூந்து அவங்களே தேடலாமில்ல? ஏன் தேடலை?"

அவரே பதிலும் சொன்னாரு.

"இந்த ஆபீசு சொன்னா நெசமா இருக்கும்னு நம்பறாங்க. இந்தப் பசங்களுக்கும் லத்திக்கும் நடுவுல இருக்கறது அந்த ஒண்ணுதான். இன்னைக்கு இவனுக்கோசரம் நான் அதைச் செலவு பண்ணிப்போட்டா, நாளைக்கு அந்த தாய்லாந்துப் பையனுக்கு ஒண்ணுன்னா நான் எதை வெச்சுப் பேசறது?" லிம்மைத் திரும்பிப் பாத்தாரு. "கண்ணு, நடந்ததை நடந்தபடியே எழுதப்போறேன். அதனால உனக்குக் கெடுதலும் வரலாம். ஆனா உன்னைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் கூட வாரேன். அவங்க உன்னை எங்க கொண்டுபோனாலும், உன்ற பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான் உடுவேன். சரியா?"

லிம், "சரிங்க சார்"னான்.

எனக்கு அவரு மேல அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு. இந்த ஆளுக்குத் தன் நேர்மைதான் பெருசாப் போச்சான்னு நெனச்சேன். ஆனாலும் அவரு சொல்லச் சொல்ல அடிச்சேன். ஒரு வார்த்தையைக் கூட்டலை, குறைக்கலை.

கெளம்பற நேரத்துல வாசல்ல சத்தம். பழனிச்சாமி, அவனுக்குப் பின்னால அவங்கம்மா செல்லாத்தா. மறுவிருந்துக்குக் கட்டின பட்டுச்சீலை கூட மாத்தலை. தலையெல்லாம் பஸ்ஸுப் புழுதி. லிம் வெடியாலயே பஸ்ஸேறின பொறவு, அந்தப் போலீஸ்காரர் மறுபடி ஊட்டுக்கு வந்து, "உங்க பேச்சை நம்பி எழுதினேன், இப்ப என்ற வேலைக்கும் ஓலை, அந்தப் பையனுக்கு ஜெயிலு"ன்னு அழுதிருக்காரு. அடுத்த பஸ்ஸைப் புடிச்சு பல்லடம் வழியா வந்துட்டாங்க. லிம்மைப் பாத்ததும் அந்தம்மா ஓடிப்போய் அவன் மூஞ்சியைத் தடவி, "இருக்கறயா சாமி, இருக்கறயா"ன்னாங்க. பொறவு பிரின்சிபால் பக்கம் திரும்பி, "அந்தப் பெரிய போலீசைப் பாக்கோணுமுங்க. நாந்தானுங்க சொன்னேன்"னாங்க.

"நீங்க வர வேண்டியதில்லீங்கம்மா. போலீசுகிட்டப் பொய் சொன்னதுக்கு உங்களையும் புடிப்பாங்க."

"புடிக்கட்டுமுங்க."

"அம்மணி, நீங்க இவங்க கூட வாங்க"ன்னு என்னையும் வண்டியில ஏத்திக்கிட்டாரு. போற வழியெல்லாம் அந்தம்மா என் கையை உடலை. கை சில்லுன்னு இருந்துச்சு.

எஸ்.பி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுவாரு. பிரின்சிபால் குடுத்த கடுதாசியை நின்னபடியே படிச்சாரு. ரெண்டாந்தடவையும் படிச்சாரு.

"இதுல 'நேத்தே வந்துட்டான்'னு எழுதியிருந்தீங்கன்னா, இந்நேரம் இவனை ஜீப்புல ஏத்தியிருப்பேன்"னாரு. "இன்னைக்குக் காலையில பல்லடத்துல பஸ் மாறும்போது இவனை என் ஆள் பாத்திருக்கான்."

யப்பா! ஹெட் கிளார்க்கு சொன்ன அந்த ஒரே ஒரு வரி! நான் பிரின்சிபாலைப் பாத்தேன். அவரு மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லை. பல்லடத்துல ஆளு இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாமயே சரியா நின்னாரு பாருங்க, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எஸ்.பி. செல்லாத்தாவைப் பாத்தாரு. "நீங்கதானா? ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"தப்புதானுங்க சாமி. அந்தப் போலீஸ்காரரு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. பையன் உள்ளதான் இருந்தான். நாந்தான் இல்லேன்னேன்."

"அந்த ஆள் உள்ள வந்து பாக்கலையா?"

"இலை போட்டு உக்கார வெச்சுட்டனுங்க. கல்யாண ஊட்டுக்கு வந்தவரை வெறும் வயித்தோட அனுப்ப முடியுங்களா?"

எஸ்.பி.க்குச் சிரிப்பு வந்ததோ கோவம் வந்ததோ, மீசையைத் தடவிக்கிட்டாரு. பொறவு குரலை உசத்தினாரு. "விளையாட்டா இருக்கா உங்களுக்கு? இவன் யாரு, எந்த வம்சம்னு தெரியுமா? நாம யாரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. என்ற பெரியவன் அங்கதான் இருக்கறான்."

எஸ்.பி. நிமிர்ந்து பாத்தாரு.

"எங்க?"

"பட்டாளத்துலங்க. சீனா எல்லையில நேபாங்கறாங்க, மலைங்கறாங்க. எனக்கென்ன தெரியும்? கடுதாசி வந்து நெம்ப நாளாச்சுங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தான். அதுக்குள்ள சண்டை வந்துருச்சு."

எனக்கு இது புதுசு. பிரின்சிபாலுக்கும் புதுசு. லிம் மட்டும் தலையைக் குனிஞ்சு நின்னான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

எஸ்.பி. மெதுவாக் கேட்டாரு. "அப்படி இருந்துமா இவனை மறைச்சீங்க?"

"அப்படி இருக்கறதுனாலதானுங்க." அந்தம்மா அழலை. குரல் மட்டும் எறங்கிப்போச்சு. "அந்த மலையில என்ற பையன் வழி தப்பி எவ ஊட்டு வாசல்லயாச்சும் போய் நிப்பானுங்க. அவ பேச்சு இவனுக்குத் தெரியாது, இவன் பேச்சு அவளுக்குத் தெரியாது. பசியில நிக்கறான்னு மட்டும் அவளுக்குத் தெரியும். அவளும் நாலு புள்ளை பெத்தவளா இருப்பா. பின்னாலயே அவங்க ஆளுக வந்து, இங்க எவனாச்சும் வந்தானான்னு கேப்பாங்க. அவ என்ன சொல்லோணும்னு நான் சாமியைக் கும்பிடுவனுங்க? அதைத்தானுங்க நானும் சொல்லிப்போட்டேன்."

கண்ணுகளா, நான் எத்தனையோ பெரிய மனுசங்க பேச்சைக் கேட்டிருக்கேன். பட்டமளிப்பு விழாவுல மேடைக்குக் கீழ உக்காந்து எழுதியிருக்கேன். அந்தம்மா சொன்ன மாதிரி ஒரு வார்த்தையை அதுக்கு முன்னாலயும் கேட்டதில்லை, பின்னாலயும் கேட்டதில்லை. எவனோட சனம் தன் மகனைச் சுடுதோ, அவன் வம்சத்துப் புள்ளைக்குச் சோறு போட்டு ஒளிச்சு வெச்சுட்டு, அங்க முகம் தெரியாத ஒருத்தி தன் மகனுக்கு அதைச் செய்வான்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கா. இந்தப் பிறவி எந்த மண்ணுல செஞ்சதுன்னு வாயைப் பொளந்து நின்னேன்.

எஸ்.பி. ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டாரு. பொறவு திரும்பினாரு.

"அம்மா, உங்க நாயம் எனக்குப் புரியுது. ஆனா எனக்கும் மேல ஆள் இருக்காங்க. நாளைக்கு அவங்க கேட்டா, ஒரு தாய் சொன்னாங்கன்னு நான் எழுத முடியாது." பிரின்சிபால் குடுத்த கடுதாசியைக் கையில எடுத்தாரு. "இதை எழுதலாம். காலேஜே முந்திக்கிட்டு வந்து உண்மையைச் சொல்லியிருக்கு, ஆளையும் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கு. இது கையில இருக்கறதால இவனை இங்கேயே வெச்சுக்கறேன்னு என்னால சொல்ல முடியும். இனிமேல் தினமும் காலையில இவன் இங்க வந்து என் ஆபீசுல கையெழுத்துப் போடணும். ஒரு நாள் தவறினாலும் நான் யார் பேச்சையும் கேக்கமாட்டேன்."

அந்தப் போலீஸ்காரரை என்ன பண்ணுவாங்கன்னு செல்லாத்தா கேட்டாங்க. பாருங்களேன், இன்னும் தன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை! "அதை நான் பாத்துக்கறேன், நீங்க ஊருக்குப் போங்க"ன்னாரு எஸ்.பி. கண்டிச்சு உட்டதோட சரின்னு பொறவு கேள்விப்பட்டோம்.

வண்டியில திரும்பறப்ப நான் பிரின்சிபால்கிட்டச் சொன்னேன்: "சார், மத்தியானம் உங்க மேல நெம்பக் கோவமா இருந்தேனுங்க." அவரு, "நானுந்தான் அம்மணி, எம்மேலயே"ன்னாரு. அவருக்கும் அந்த ஒரு வரியை எழுதிரலாம்னு ஆசை இருந்திருக்குன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

சர்க்கார் கேக்கும் கண்ணுகளா. இன்னைக்கும் கேக்குது, நாளைக்கு இன்னும் எச்சாக் கேக்கும். கேக்க வேண்டியது அவங்க வேலை, நெசத்தைச் சொல்ல வேண்டியது நம்ம வேலை. ஆனா நெசத்தைச் சொல்லிப்போட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க. யாரைப் பத்திச் சொன்னீங்களோ அந்தப் பையன் பக்கத்துல போய் நில்லுங்க. நிக்க முடியாதுன்னா இந்த வேலை உங்களுக்கு வேண்டாம். எங்க பிரின்சிபால் இதை வாயால சொல்லிக் குடுக்கலை. அன்னைக்கு வண்டியில ஏறினாரு, நானும் பாத்துக்கிட்டேன்.

சண்டை நின்னுச்சு. உத்தரவு நிக்கலை. லிம் தெனமும் வெடியால சைக்கிள்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வருவான். அப்புறம்தான் மெஸ்ஸுக்கு. ஒரு நாளும் தவறலை.

மார்கழியில பழனிச்சாமிக்குத் தந்தி வந்துச்சு. அவங்கண்ணன் இனி வரமாட்டான்னு. ஒடம்பு கூடக் கெடைக்கலை. லிம் என் ரூமுக்கு வந்து, "அக்கா, நான் போகணுமுங்க"ன்னான். வேற ஒண்ணும் பேசலை. எஸ்.பி. வேலையா வெளியூர் போயிருந்தாரு. அவருக்கு அடுத்தவரைப் பாத்து, சாவுக்குப் போகணும்னு மட்டும் சொல்லி, நானே நின்னு அனுமதி வாங்கிக் குடுத்தேன். இந்தத் தடவை சொன்ன நாளைக்கு வந்துட்டான்.

வந்த மக்காநாள் அவன் கூட நானும் போலீஸ் ஆபீசுக்குப் போனேன். திரும்பி வந்ததைச் சொல்லி எழுதிக் குடுக்கணும். எஸ்.பி. அப்பத்தான் எங்கயோ கெளம்பி, படியில எறங்கி வந்துக்கிட்டு இருந்தாரு. லிம் ஓரமா ஒதுங்கி நின்னு கும்பிட்டான். எஸ்.பி. அவன் தலையைப் பாத்து நின்னாரு. மழுங்க மொட்டை அடிச்சிருந்துச்சு.

"யாருக்கு?"ன்னு கேட்டாரு.

"அண்ணனுக்குங்க."

எந்த அண்ணன்னு அவரு கேக்கலை. தொப்பியைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு. ஜீப்பு நிக்குது, டிரைவர் கதவைத் தெறந்து புடிச்சிருக்கான். அவரு அசையலை. வராண்டாவுல இருந்த போலீஸ்காரங்க எதுக்குன்னு தெரியாமயே ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னாங்க. லிம் உள்ள போய்க் கையெழுத்துப் போட்டுட்டு, படியில எறங்கி, சைக்கிளை எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போற வரைக்கும் அவரு அப்படியே நின்னுக்கிட்டு இருந்தாரு.